பேஸ்காரருக்குப் பிடித்த டிரம்மர்

கொல்கத்தாவில் ஒரு ராக் கச்சேரிக்குப் போனால், ஒரே ஒரு பாட்டுக்குப் பாடகரைப் பார்க்காமல் இருந்து பாருங்கள். பேஸ் கிட்டார் வாசிப்பவர் எங்கே நிற்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். பெரும்பாலும் டிரம்ஸில் ஹை-ஹாட் என்ற ஜோடிச் சிம்பல் இருக்கும் பக்கம், அதாவது டிரம்மரின் இடது பக்கம் நிற்பார். கூட்டம் கைதட்டினாலும் விசிலடித்தாலும் அவர் கண் அடிக்கடி டிரம்மரின் வலது காலுக்குத்தான் போகும்.

அந்தக் கால்தான் கிக் டிரம்மின் பெடலை மிதிக்கிறது. அது எப்போது இறங்கும் என்பதை முன்கூட்டியே ஊகிக்க முடிந்தால் பேஸ்காரருக்குப் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்கு ஹை-ஹாட் வேண்டும். தாளத்தை நுணுக்கமாகப் பிரித்துக் கொடுப்பது அதுதானே. பக்கத்தில் நிற்பதற்கு இயற்பியலிலும் ஒரு காரணம் உண்டு. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். மூன்று மீட்டர் தள்ளி நின்றால் டிரம்ஸ் ஒன்பது மில்லி நொடி தாமதமாகக் காதுக்கு வரும்; பத்து மீட்டர் தள்ளி நின்றால் ஏறக்குறைய முப்பது. முப்பது மில்லி நொடி பிசகினால் ரசிகருக்குக் காரணம் புரியாது, ஆனால் ‘என்னமோ ஒட்டவில்லையே’ என்று தோன்றிவிடும்.

இந்த இரண்டு வாத்தியங்களும் இவ்வளவு நெருங்கி இருக்க வேண்டிய அவசியம் அவற்றின் ஒலியிலேயே இருக்கிறது. நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த சுரம் சுமார் 41 ஹெர்ட்ஸ். அடுத்த தந்தி 55. கிக் டிரம்மின் அடித்தொனியும் பெரும்பாலும் 50 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் வந்து உட்காரும். கிட்டாருக்கும் கீபோர்டுக்கும் பாடகருக்கும் மேலே விசாலமான இடம் கிடைக்க, இவர்கள் இருவர் மட்டும் கீழ்த்தளத்தில் ஒரே அறையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒத்துப்போனால் இரண்டும் சேர்ந்து ஒரே வாத்தியமாகக் கேட்கும். ஒத்துப்போகாவிட்டால் ஒருவர் ஒலியை இன்னொருவர் ஒலி விழுங்கிவிடும்.

அப்படியானால் ஒரு பேஸ்காரர் டிரம்மரிடம் என்னதான் எதிர்பார்க்கிறார்? வேகமா? கை சுழற்றும் வித்தையா? ஐந்து நிமிட சோலோவா? இவை மூன்றுமே பட்டியலில் கடைசியில்தான் வரும்.

முதலில் வருவது காலப்பிரமாணம். நம் கச்சேரி ரசிகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பல்லவியில் எடுத்த வேகம் கடைசிச் சரணத்திலும் நிற்க வேண்டும். டிரம்மர்கள் வழக்கமாகச் சறுக்குவது நேரான வாசிப்பில் அல்ல, ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குத் தாவும்போது அடிக்கும் ‘ஃபில்’லில். நாலு டிரம்மையும் உருட்டிக்கொண்டு உற்சாகமாகக் கிளம்புவார்கள். எடுப்புக்கு வந்து சேரும்போது ஓர் இழை முன்னதாக வந்துவிடுவார்கள். பேஸ்காரர் அந்த நேரத்தில் நீண்ட சுரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு எடுப்புக்காகக் காத்திருப்பவர். டிரம்மர் ஓடினால் கூட ஓடுவதா, தன் இடத்தில் நிற்பதா என்று அவர் கால் நொடிக்குள் முடிவெடுக்க வேண்டும். ஓடினால் பாட்டே ஓடும். நின்றால் அடி இரண்டாக உடையும். ஃபில் எவ்வளவு எளிமையாக இருந்தாலும் சரியான இடத்தில் வந்து விழ வேண்டும், பேஸ்காரருக்கு அதுதான் வேண்டும்.

இரண்டாவது, இடம் விடுவது. பேஸ் கிட்டாரில் ஒரு சுரம் எப்போது தொடங்குகிறது என்பது எவ்வளவு முக்கியமோ, எப்போது முடிகிறது என்பதும் அவ்வளவு முக்கியம். ஸ்நேர் டிரம்மின் அடி விழும் கணத்தில் பேஸ்காரர் தந்தியை அமுக்கி ஒலியை நிறுத்தினால், அந்த ஸ்நேர் இன்னும் கூர்மையாகக் கேட்கும். பல பாட்டுகளில் ஆட வைக்கும் துள்ளல் பிறப்பதே அந்தச் சின்ன மௌனத்தில்தான். டிரம்மர் அதைக் கேட்கிறவராக இருக்க வேண்டும். இரட்டைப் பெடல் வாங்கிய புதிதில் கிக்கை விடாமல் மிதித்து எல்லா இடைவெளியையும் நிரப்பும் டிரம்மரோடு வாசித்தவர்களுக்கு இந்த வேதனை தெரியும். ஒரே அடுப்பில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் தாளிக்கப் பார்ப்பது போன்ற நிலைமை அது.

மூன்றாவது, ஒலியளவு. இங்கேதான் கொல்கத்தாவின் சரித்திரம் கொஞ்சம் உள்ளே வருகிறது.

பார்க் ஸ்ட்ரீட்டின் உணவகங்களில் 1950களிலிருந்து இரவுதோறும் குழுக்கள் வாசித்தன. 1956-ல் திறந்த மொகாம்போவில் ஆன்டன் மெனேசஸின் குழுவோடு பாம் கிரைன் பாடினார். ப்ளூ ஃபாக்ஸில் டார்ஜிலிங்கிலிருந்து வந்த பியானோக் கலைஞர் லூயிஸ் பேங்க்ஸும் கோவாவின் சாக்ஸபோன் கலைஞர் பிராஸ் கொன்சால்வஸும் ஜாஸ் வாசித்தார்கள். மெட்ராஸ் இரவு விடுதியில் பாடத் தொடங்கிய உஷா உதூப் டிரிங்காஸில் பாடிப் பெயர் பெற்றார். இவை சபாக்கள் அல்ல. மேசையில் தட்டும் கரண்டியும் பேச்சும் இருக்கும். பக்கத்து மேசைக்காரரின் பேச்சு அமுங்கிப்போகுமாறு டிரம்மர் அடித்தால் முதலாளி முகம் சுளிப்பார். மெல்ல அடித்தும் தாளத்தின் விறுவிறுப்பைக் குறைக்காமல் இருப்பது தனிக் கலை. பலமாக அடிப்பதைவிட அது கடினம், ஏனென்றால் பலம் குறைந்தவுடன் பெரும்பாலோருக்கு வேகமும் குறைந்துவிடும்.

ஜாஸில் பேஸ்காரரின் எதிர்பார்ப்பு இன்னும் கொஞ்சம் மாறும். அங்கே அவர் காது கிக்கில் இல்லை, ரைடு சிம்பலில் இருக்கும். நாலு அடிக்கும் நாலு சுரமாக நடந்துபோகும் பேஸ், சிம்பலின் ‘டிங்… டிங்-க-டிங்’ என்ற ஓட்டத்தோடு தோள் உரசிப் போக வேண்டும். கிக்கை மிதித்தாலும் உணரத்தான் முடிய வேண்டும், கேட்கக் கூடாது. ராக் வாசித்துப் பழகிய டிரம்மர் முதன்முதலில் ஜாஸுக்கு வரும்போது பேஸ்காரர் வைக்கும் முதல் விண்ணப்பமே காலை அடக்கச் சொல்வதுதான்.

கல்கத்தாவின் பெயர் ஜாஸ் இசைத்தட்டிலேயே ஏறியிருக்கிறது. 1958-ல் டேவ் புரூபெக் குவார்டெட் அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஏற்பாட்டில் இந்தியா வந்தது. அந்தப் பயணத்தின் விளைவாக அதே ஆண்டு பதிவான ‘ஜாஸ் இம்ப்ரெஷன்ஸ் ஆஃப் யூரேஷியா’ தட்டில் ‘கல்கட்டா புளூஸ்’ என்று ஓர் உருப்படி உண்டு. அதில் டிரம்மர் ஜோ மொரெல்லோ குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு விரல்களால் வாசிக்கிறார். அதே பயணத்தில் மதராஸில் அவர் மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையோடு சேர்ந்து வாசித்ததும் உண்டு. குச்சியை விட்டு விரலுக்கு வந்ததும் டிரம்ஸின் அடியோசை வட்டமாகிறது, பேஸுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது. அந்த ஓர் உருப்படியைக் கேட்டாலே மூன்றாவது விஷயம் புரிந்துவிடும்.

ராக் பக்கம் வருவோம். 1970களின் கொல்கத்தாவில் ‘ஹை’ என்று ஒரு குழு. சொந்தப் பாட்டுகளை ஆங்கிலத்தில் எழுதிப் பாடிய திலீப் பாலகிருஷ்ணன் அதன் நடுநாயகம். பெயரைக் கேட்டதும் நம் காது நிமிரும். பேஸில் லூ ஹில்ட், டிரம்ஸில் நந்தன் பாக்சி. பாக்சி பின்னாளில் உணவு பற்றி எழுதுபவராகவும் பெயர் வாங்கினார். பார்க் ஹோட்டலின் சம்ப்ளேஸ் எல்ஸ் என்ற இசைக்கூடத்தில் அடுத்தடுத்த தலைமுறைகள் அவர் வாசிப்பைக் கேட்டு வளர்ந்தன. மற்றவர்களின் வெற்றிப் பாட்டை அப்படியே நகலெடுத்து வாசிப்பதுதான் அந்நாளில் பிழைப்புக்கு வழி. சொந்தப் பாட்டு வாசிக்கும் குழுவிலோ பேஸுக்கும் டிரம்ஸுக்கும் முன்மாதிரி எதுவும் கிடையாது. எந்த இடத்தில் கிக், எந்த இடத்தில் மௌனம் என்பதை இருவரும் சேர்ந்தே கண்டுபிடிக்க வேண்டும். பேஸ்காரர் டிரம்மரிடம் எதிர்பார்க்கும் நான்காவது குணம் இங்கே வெளிப்படுகிறது: பாட்டைத் தெரிந்திருப்பது. வரிகள் எங்கே முடிகின்றன, பாடகர் எங்கே மூச்செடுக்கிறார் என்று தெரிந்த டிரம்மர் அந்த மூச்சின் மேல் சிம்பலை மோத மாட்டார்.

வங்காள மொழியில் ராக் என்றால் முதலில் சொல்ல வேண்டிய பெயர் மொஹீனேர் கோராகுலி. 1970களின் நடுவில், நக்சல்பாரி இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை சென்று வந்த கௌதம் சட்டோபாத்யாய் நண்பர்களையும் உறவினர்களையும் சேர்த்துத் தொடங்கிய குழு. 1977, 1978, 1979 ஆகிய மூன்று ஆண்டுகளில் மூன்று தட்டுகள் வெளியிட்டார்கள். அன்றைக்கு அதிகம் பேர் வாங்கவில்லை. இன்றைக்கு வங்காளத்தில் கிட்டார் தூக்கும் எந்தப் பையனுக்கும் பெண்ணுக்கும் அந்தப் பாட்டுகள் பாடப்புத்தகம். 2006-ல் வந்த ‘கேங்ஸ்டர்’ இந்திப் படத்தின் ‘பீகி பீகி’ மெட்டு வழியாக, குழுவின் பெயரே தெரியாதவர்களின் காதிலும் அவர்கள் இசை விழுந்தது.

இந்தக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர் பிரதீப் என்ற புலா. டிரம்ஸ் வாசித்தவர் பிஸ்வநாத் என்ற பிஷு. இருவரும் கௌதமின் தம்பிகள். அதாவது குழுவின் அடித்தளம் முழுக்க ஒரே வீட்டுப் பிள்ளைகள். அதோடு பிஷு டிரம்ஸ் மட்டும் வாசித்தவர் அல்ல, பேஸ் வயலினும் வாசித்தவர். தன் வாத்தியத்துக்கு வெளியே நின்று, பேஸ்காரர் பக்கத்திலிருந்தும் பாட்டைக் கேட்டுப் பழகிய டிரம்மர். இப்படி ஒருவர் கிடைப்பதை எந்த பேஸ்காரரும் வரமாகத்தான் நினைப்பார். தந்தியில் ஒரு சுரம் எவ்வளவு நேரம் நிற்கும், விரலை எடுத்தால் எப்படி அடங்கும் என்று கையால் அறிந்தவருக்கு எங்கே அடிக்கக் கூடாது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கௌதம் 1999-ல் மறைந்தார். அவர் மகன் கௌரவ் என்ற காபு, ‘லக்கிச்சாரா’ குழுவின் டிரம்மர். சித்தப்பா உட்கார்ந்த அதே வகை நாற்காலி.

கொல்கத்தாவின் இன்னொரு ஜோடி இதைவிடச் சுவாரசியமானது. 1990களில் ‘ஸ்கின்னி ஆலி’ குழு உருவானது. பாட்டு ஜெயஸ்ரீ சிங், பேஸ் அவர் கணவர் ஞான் சிங், கிட்டார் அமித் தத்தா, டிரம்ஸ் ஜெஃப்ரி ரிக். ஆங்கிலத்தில் சொந்தப் பாட்டு மட்டுமே என்று பிடிவாதமாக நின்ற குழுக்களில் ஒன்று. பிறகு அதே வட்டத்திலிருந்து ‘பிங்க்நாய்ஸ்’ பிறந்தபோது டிரம்ஸில் உட்கார்ந்தவர் ஜிவ்ராஜ் சிங், ஜெயஸ்ரீ–ஞான் தம்பதியின் மகன்.

யோசித்துப் பாருங்கள். பேஸ் வாசிக்கும் அப்பாவுக்கு டிரம்ஸ் வாசிக்கும் மகன். வீட்டில் அப்பா பயிற்சி செய்வதைக் கேட்டே தூங்கி எழுந்த பிள்ளைக்கு, தாழ்ந்த சுரங்கள் எந்த இடத்தில் அழுந்தும், எந்த இடத்தில் தளரும் என்பது தாய்மொழி மாதிரி ஏறியிருக்கும். ஜிவ்ராஜ் பின்னர் நிஷய் பரேக்கோடு சேர்ந்து ‘பரேக் அண்ட் சிங்’ என்ற இருவர் குழுவாக உலகத்துக்கு அறிமுகமானார். அவர்களின் ‘ஓஷன்’ 2016-ல் பிரிட்டனின் பீஸ்ஃபிராக் நிறுவனம் வழியாக வெளிவந்தது. அந்தப் பாட்டுகளில் டிரம்ஸ் எதையும் நிரூபிக்க முயல்வதில்லை. மெல்லிய குரலுக்கு அடியில் தேவையான அளவு மட்டும் நிற்கிறது.

அண்ணன் தம்பி, அப்பா மகன் என்று இரத்த சொந்தம் இருந்தால்தான் ஆகுமா என்றால், இல்லை. ஆனால் சொந்தம் தருகிற ஒன்று தேவைப்படுகிறது: ஆண்டுக்கணக்கில் ஒரே காதுகளோடு பழகுவது. உலக உதாரணங்களும் இதையே காட்டுகின்றன.

மெம்ஃபிஸ் நகரின் ஸ்டாக்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் பேஸ்காரர் டொனால்ட் ‘டக்’ டன்னும் டிரம்மர் அல் ஜாக்சனும் நாள்தோறும் ஒரே அறையில் வேலை பார்த்தவர்கள். 1965-ல் வில்சன் பிக்கெட்டின் ‘இன் தி மிட்நைட் அவர்’ பதிவின்போது, தயாரிப்பாளர் ஜெரி வெக்ஸ்லர் அந்நாளில் பிரபலமான ஒரு நடனத்தை ஆடிக் காட்டி, இரண்டாவது நான்காவது அடிகளைக் கொஞ்சம் தாமதிக்கச் சொன்னார். ஜாக்சன் அடியைப் பின்னால் தள்ளினார். டன் அந்தத் தாளத்தோடு பொருந்தி வாசித்தார். தாமதம் மில்லி நொடிகளில்தான். ஆனால் இருவரும் ஒத்துப்போனதால் அது பிழையாகாமல் பாணியாகிவிட்டது. ஒத்துப்போகாமல் இருந்திருந்தால் அந்தப் பதிவைக் குப்பையில்தான் போட்டிருப்பார்கள். கிளிக் கருவியோடு துல்லியமாகப் பொருந்துவது வேறு, பக்கத்து ஆளோடு பொருந்துவது வேறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

எல்லா ஜோடியும் அடக்க ஒடுக்கமாகத்தான் வாசிக்க வேண்டும் என்றும் இல்லை. 1963-ல் மைல்ஸ் டேவிஸ் தன் குழுவில் சேர்த்த டிரம்மர் டோனி வில்லியம்ஸுக்கு அப்போது வயது 17. அடியை உடைத்து, வேகத்தை மாற்றி, கேட்பவரை மிரள வைத்தவர். அவர் அவ்வளவு தூரம் அலைய முடிந்தது பேஸில் ரான் கார்ட்டர் நங்கூரம் போட்டு நின்றதால்தான். அங்கே பேஸ்காரர் மதித்தது அடக்கத்தை அல்ல, கேட்கும் திறனை. எவ்வளவு தூரம் போனாலும் திரும்பி வரும் இடம் தெரிந்த டிரம்மரோடு துணிந்து வாசிக்கலாம்.

நம்மூரையும் விட்டுவிட வேண்டாம். வங்காளத்தின் சலீல் சௌத்ரி தென்னிந்தியப் படங்களுக்கு இசையமைத்தபோது அவர் வாத்தியக் குழுவில் கிட்டார் வாசித்தவர்களில் ஒருவர் இளையராஜா. பின்னாளில் ராஜாவின் பாட்டுகளில் பேஸ் கிட்டார் பாட்டுக்குள் இன்னொரு பாட்டாக ஓடியது. அதை வாசித்த சசிதரனும் டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமனும் தமிழர்கள் கோடி முறை கேட்டு, பெயரை மட்டும் அதிகம் கேட்காத கலைஞர்கள். அந்தக் காலத்தில் பாடகர், வயலின் வரிசை, தபலா எல்லாம் ஒன்றாக உட்கார்ந்து ஒரே மூச்சில் பதிவு செய்வார்கள். ஒருவர் தவறினால் எல்லோரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். அப்படிப்பட்ட கூடத்தில் ஒரு பேஸ்காரர் டிரம்மரிடம் கேட்பது நம்பகம்தான். மூன்றாவது டேக்கில் வாசித்ததையே பத்தாவது டேக்கிலும் வாசிக்கும் நிதானம்.

மீண்டும் வங்காளம். பேஸ், டிரம்ஸ் என்ற இரண்டு வேலையையும் ஒரே ஆள் பார்க்கும் மரபு அங்கே பல தலைமுறைகளாக இருக்கிறது. நாடோடிப் பாடகரான பாவுல் ஒரு கையில் ஏக்தாராவை மீட்டுவார், இடுப்பில் கட்டிய துக்கியை மறு கையால் தட்டுவார், காலில் சலங்கை. ஒற்றைத் தந்தி, ஒரு தோல், கொஞ்சம் மணி. குழுவே அவ்வளவுதான். பாப் டிலனின் 1967-ஆம் ஆண்டு ‘ஜான் வெஸ்லி ஹார்டிங்’ தட்டின் அட்டையில் அவர் பக்கத்தில் நிற்கும் பூர்ண தாஸும் லட்சுமண தாஸும் இந்த மரபிலிருந்து போனவர்கள்தான். இரண்டு கைகளும் ஒரே உடம்பில் இருப்பதால் பாவுலுக்கு ‘ஒத்துப்போவது’ என்ற பிரச்சினையே எழுவதில்லை. மொஹீனேர் கோராகுலிக்கு பாவுல் இசை மேல் இருந்த ஈர்ப்பு எல்லோரும் அறிந்தது. தபலாவின் இடது பக்கமான பாயாவும், மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியும் செய்கிற, தாழ்ந்த ஒலியை வளைக்கும் கும்கி வேலையும் கிட்டத்தட்ட பேஸ் வேலைதான். இந்தியக் காது தாளத்தையும் தாழ்ந்த சுரத்தையும் தனித்தனியாகப் பிரித்துக் கேட்டுப் பழகியதே இல்லை. இங்கே வளர்ந்த டிரம்மருக்கு அது பெரிய சொத்து. பயன்படுத்துகிறாரா என்பதுதான் கேள்வி.

கொல்கத்தாவின் வேர் இன்றைய மும்பை மேடைகளிலும் தெரிகிறது. பார்க் ஸ்ட்ரீட்டில் கொடிகட்டிய லூயிஸ் பேங்க்ஸின் மகன் ஜினோ பேங்க்ஸ் டிரம்மர். அவரோடு பல மேடைகளில் பேஸ் வாசித்த மோகினி டே ஒரு பேஸ்காரரின் மகள், வங்காளக் குடும்பம், ஏ. ஆர். ரஹ்மானின் மேடைகள் வழியாகத் தமிழர்களுக்கும் அறிமுகமானவர். மின்னல் வேகத்தில் வாசிப்பவர் என்று பெயர். அப்படிப்பட்ட பேஸ்காரருக்கும், அந்த வேகத்தைத் தாங்கிப் பிடிக்க அசையாத தாளம் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

வேறு சில சில்லறை விஷயங்களும் உண்டு. டிரம்ஸைச் சுருதி பார்த்துக் கட்டத் தெரிந்தவரா? கிக் ‘பூம்’ என்று நீண்டு அதிர்ந்தால் பேஸின் சுரம் கலங்கிப்போகும். உள்ளே ஒரு தலையணையைத் திணித்து அடக்கத் தெரிய வேண்டும். நேரத்துக்கு வருபவரா? டிரம்ஸ் கட்டி முடிக்காமல் ஒலிச் சோதனை தொடங்காது, மற்ற எல்லோரும் காத்திருக்க வேண்டும். பாட்டுத் தொடங்கும்போது ‘ஒன், டூ, த்ரீ, ஃபோர்’ எண்ணும் வேகமும் வாசிக்கப்போகும் வேகமும் ஒன்றுதானா? பிசகு நடந்தால் முறைப்பவரா, சிரித்துக்கொண்டே அடுத்த எடுப்பில் பிடித்துக்கொள்பவரா? திறமை சமமாக இருக்கும் இரண்டு டிரம்மர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தச் சில்லறைகள்தான் முடிவு செய்கின்றன.

டிரம்ஸ் கற்றுக்கொள்ளும் தம்பி தங்கைகளுக்கு ஒரு யோசனை. இரட்டைப் பெடலுக்குச் சேர்த்து வைத்த பணத்தைக் கொஞ்ச காலம் அப்படியே வைத்திருங்கள். உங்கள் ஊரில் பேஸ் வாசிக்கும் ஒருவரைப் பிடித்து, பாடகரும் கிட்டாரும் இல்லாமல், வாரம் ஒருமுறை நீங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்து வாசியுங்கள். ஒரே தாளக்கட்டை ஃபில் எதுவும் இல்லாமல் பத்து நிமிடம் வாசிப்பதிலிருந்து தொடங்கலாம். அதைப் பதிவு செய்து, ஹெட்ஃபோனில் பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். அவர் சுரம் எங்கெல்லாம் உங்கள் அடியில் காணாமல் போகிறதோ, அடுத்த வாரம் அங்கெல்லாம் அடிக்காதீர்கள்.